ஜேர்மனிக்குப் படிக்கப் போறன். போக முதல் என்ன நினைச்சனீங்கள், போய்ப் பாத்தாப்பிறகு என்ன?

பாலைநிழல் (விசுவமடு)

எல்லாருக்கும் வணக்கம். அறிவியல்நகர் விவசாய பீடத்தில படிச்சு முடிச்சு ஒண்டரை வருசமாகுது. வாற ஒக்டோபரில முதுமாணிக்கு ஜேர்மனியில இடம் கிடைச்சிருக்கு. படிப்பு ஆங்கிலத்தில. எங்கட குடும்பத்தில வெளிநாடு போன ஆக்கள் இருக்கினம், ஆனா படிக்கவெண்டு போற முதல் ஆள் நான்தான்.

விசா, பத்திரம் பற்றிக் கேக்கேல்ல. அதுகள் ஒரு மாதிரி ஓடுது. நான் கேக்கிறது வேற. இடம் கிடைச்ச செய்தி வெளிய போன நாளில இருந்து ஆளாளுக்கு ஒரு கதை சொல்லுகினம். சந்திக் கடை ஐயா, "வெள்ளையள் முகம் பாத்துச் சிரிக்கமாட்டினம் பிள்ளை, தனிச்சுப் போவாய்" எண்டார். ரியூசன் சேர், "அங்க மணிக்கூடு பாத்துத்தான் மூச்சு விடுவினம், பிழை விட்டா மன்னிப்பில்லை" எண்டார். மாமி, "ஆறு மாசத்தில இந்த வீட்டுக்கு மாடி போடுவாள் பாருங்கோ" எண்டு அம்மாவுக்குச் சொல்லிப்போட்டா. கூடப் படிச்சவள் ஒருத்தி, என்ர இங்கிலீசைக் கேட்டு வகுப்பே சிரிக்கும் எண்டாள். அதுதான் ராவில நித்திரையைக் கெடுக்குது.

இன்னொண்டும் இருக்கு. 2009 இல எனக்கு 9 வயசு. எல்லாம் ஞாபகம் இல்லை, ஆனா மறக்கவும் இல்லை. அங்க ஆரும் "சிறிலங்காவா, சண்டை நடந்த இடமே?" எண்டு கேட்டா என்னத்தைச் சொல்லுறது? சொல்லாமல் விடலாமோ?

போய்ப் படிச்ச ஆக்கள் நீங்கள் நினைச்சது என்ன, கண்டது என்ன எண்டு உள்ளதைச் சொல்லுங்கோ. புளுகும் வேண்டாம், வெருட்டலும் வேண்டாம்.


குளக்கட்டு (முரசுமோட்டை)

தங்கச்சி, முதல் வாழ்த்துகள். நானும் விவசாய பீடம்தான். 2018 ஒக்டோபரில கோட்டிங்கன் போனனான், 2021 இல திரும்பி வந்து இப்ப கிளிநொச்சியில வேலை. உங்கட கேள்வியை வாசிச்சு ரெண்டு நாள் யோசிச்சுப்போட்டுத்தான் எழுதுறன். நீண்டு போச்சு, குறை நினைக்காதேங்கோ.

சேரின்ர மணிக்கூட்டுக் கதையில இருந்து தொடங்குறன். என்ர முதல் விரிவுரை 10 மணி எண்டு அட்டவணையில கிடந்தது. நான் 9.40 க்கே போய்க் கதவடியில நிக்கிறன். 10 மணியாச்சு, ஒரு குருவியும் இல்லை. பிழையான கட்டடத்துக்கு வந்திட்டன் எண்டு படியால இறங்கி ஓடி, பலகையில பேரைத் திருப்பிப் பாத்து, வியர்த்து விறுவிறுத்து மேல ஏறி வர, 10.10 க்கு ஒவ்வொருத்தரா வருகினம். நேரத்துக்குப் பக்கத்தில 'சி.ரி.' எண்டு ரெண்டு எழுத்துப் போட்டிருக்கும். லத்தீன் வழக்கமாம், கால் மணித்தியாலம் பிந்தித் தொடங்கும் எண்டு அர்த்தம். விரிவுரை முடிய எல்லாரும் விரலை மடக்கி மேசையில டக் டக் எண்டு தட்டத் தொடங்கிச்சினம். படிப்பிச்சவரில ஏதோ கோவம் எண்டு நான் பயந்துபோனன். அவையின்ர கைதட்டு அது! ரயிலும் நேரத்துக்கு வரும் எண்டு நம்பி, இறங்கி மாறுறதுக்கு 5 நிமிசம் விட்டுப் பயணம் போடாதேங்கோ. பட்டுத்தான் சொல்லுறன்.

இங்கிலீசைப் பற்றிப் பயப்பிடாதேங்கோ. என்ர வகுப்பில பாதிப் பேருக்கு மேல ஆங்கிலம் ரெண்டாவதோ மூண்டாவதோ மொழிதான். ஆரும் சிரிக்கேல்ல. வாய் திறக்காமல் இருக்கிறதுதான் அங்க குறை. நான் முதல் ரெண்டு மாசம் வாய் திறக்கேல்ல.

என்னை உலுப்பினது முதல் கட்டுரை. எங்களுக்குச் சின்னனில இருந்து படிப்பெண்டா என்ன? நோட்ஸை அச்சொட்டாப் பாடமாக்கி அச்சொட்டா எழுதுறது. அதில நான் கெட்டிக்காரன், அதாலதான் கம்பஸுக்கே வந்தனான். அதே பழக்கத்தில 12 பக்கம் எழுதிக் குடுத்தன். பேராசிரியை கூப்பிட்டா. போய்ப் பாத்தா, என்ர தாளில முக்காவாசி மஞ்சள் கோடு. எந்த வசனம் எந்தக் கட்டுரையில இருந்து வந்தது எண்டு பக்கத்தில எழுதி வைச்சிருந்தா. கோவிக்கேல்ல. "மற்றவையின்ர வசனத்தை எடுத்தா ஆரிட்ட எடுத்தது எண்டு போடவேணும். போடாட்டி அது களவு" எண்டு சொல்லிப்போட்டு, "இதில நீ எங்க இருக்கிறாய்?" எண்டு கேட்டா. தங்கச்சி, காணிக்குள்ள விழுந்த தேங்காயைக்கூடக் கேட்டு எடுத்து வளந்தனாங்கள். களவு எண்ட சொல்லு எனக்குக் கன்னத்தில விழுந்த மாதிரி. அண்டைக்கு ராத்திரி பெட்டியைக் கட்டுவமோ எண்டுகூட யோசிச்சன்.

திருப்பி எழுத ஒரு தவணை தந்தா. தலைப்பு, தண்ணியை ஊர்ச்சனம் சேர்ந்து பங்கிடுறது பற்றி. ஒரு கிழமை வெறுந்தாளைப் பாத்துக்கொண்டு இருந்திட்டு, எங்கட ஊர் வயலுக்குத் தண்ணி குடுக்கிற இரணைமடுக் குளத்தை எழுதுவம் எண்டு தொடங்கினன். சிறுபோகத்துக்கு முதல் நடக்கிற பயிர்ச்செய்கைக் கூட்டம், குளத்தில எத்தினை அடி தண்ணி நிக்குது எண்டதை வைச்சு எத்தினை ஏக்கர் எண்டு முடிவெடுக்கிறது, ஆருக்கு எவ்வளவு பங்கு எண்ட இழுபறி, வாய்க்கால் கடைசியில காணி வைச்சிருக்கிறவன் ராவில மண்வெட்டியோட காவல் நிக்கிறது. கூட்டம் முடிஞ்சு வந்து அப்பா திண்ணையில இருந்து வருசாவருசம் கத்தின கதையள். அதுகளைப் படிப்பெண்டு நான் ஒரு நாளும் நினைச்சதில்லை. வீட்டுக்கு எடுத்து, "அப்பா, மேலதிகத் தண்ணி திறக்கிறதை ஆர் தீர்மானிக்கிறது?" எண்டு கேட்டன். மனுசன் முக்கால் மணித்தியாலம் வைபரில விளக்கம் சொன்னார், அம்மா பின்னால நிண்டு திருத்தினா. 1.7 கிடைச்சது. அங்க 1.0 தான் உச்சம், 4.0 வரைக்கும் சித்தி.

சிரிக்காத வெள்ளையள் பற்றி. உண்மைதான், றோட்டில போற ஆளைப் பாத்துச் சிரிக்கமாட்டினம். ஆனா எனக்கு வேற ஒண்டு விளங்கேல்ல. கூடப் படிச்ச ஜேர்மன் பெட்டை ஒருத்தி நத்தாருக்குத் தங்கட வீட்டுக்கு வரச்சொல்லிக் கேட்டவள். நாங்கள் படலையால போற ஆளை "வாங்கோ, சாப்பிட்டிட்டுப் போகலாம்" எண்டு சும்மா கூப்பிடுறமெல்லோ, அப்பிடி ஒரு முகத்தாட்சணியம் எண்டு நினைச்சு "இல்லை, வேலை இருக்கு" எண்டிட்டன். திருப்பிக் கேப்பாள் எண்டு பாத்தன். கேக்கேல்ல. வேண்டாம் எண்டா வேண்டாம்தான் அங்க. ஆனா கூப்பிட்டா, உண்மையாத்தான் கூப்பிடுகினம்.

2018 மார்கழி 21 ராத்திரி. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். விடுதியில எல்லாரும் ஊருக்குப் போயிட்டினம், தளத்தில நான் மட்டும். இங்க மழை அடிச்சு ஊத்தி, இரணைமடு வான்கதவு திறந்து, முரசுமோட்டை, பன்னங்கண்டி எல்லாம் வெள்ளம். அம்மாவின்ர போன் வேலை செய்யேல்ல. விடியப்புறம் அண்ணாதான் எடுத்து, எல்லாரும் பள்ளிக்கூடத்தில இருக்கிறம், மாடு ரெண்டையும் காணேல்ல எண்டார். வீடு கட்டிக் குடிவந்து சரியா அஞ்சு வருசம். நான் அந்த யன்னலடியில இருந்து என்ன செய்யிறது எண்டு தெரியாமல், வெக்கத்தை விட்டு அந்தப் பெட்டைக்கு ஒரு வரி எழுதினன்: "வரலாமோ?" ரெண்டு மணித்தியாலத்தில தகப்பன் காரோட வாசலில நிக்கிறார்.

அவையின்ர வீட்டில முதல் நாள் பட்டினிதான். "இன்னும் போடவா?" எண்டு தாய் கேக்க, எங்கட பழக்கத்தில "காணும், காணும்" எண்டன். கோப்பையை எடுத்துக்கொண்டு போயிட்டா. ரெண்டாம் நாள் பழகியிட்டன்.

இனி உங்கட கடைசிக் கேள்வி. சண்டையைப் பற்றிக் கேக்கிறவை குறைவு. கனபேருக்கு எங்கட நாடெண்டா தேயிலையும் கடற்கரையும். நீங்கள் எல்லாரும் புத்த சமயம்தானே எண்டு ஒருத்தன் கேட்டான். எனக்கு அவையைப் பற்றி இருந்த நினைப்பு அதைவிடப் பிழை. பிறந்த வீட்டிலேயே சாகிற சனம், இடம்பெயர்வு எண்டா என்னெண்டு தெரியாத சனம் எண்டுதான் நான் போனனான்.

கோட்டிங்கனுக்குத் தெற்கால, ரயிலில கொஞ்ச நேரப் பயணம், பிறீட்லாண்ட் எண்டு ஒரு சின்ன ஊர். 1945 செப்டெம்பரில பிரித்தானியப் படை அங்க ஒரு முகாம் திறந்தது. கிழக்கில இருந்து துரத்தப்பட்ட ஜேர்மன் சனம், போர்க் கைதியாயிருந்து விடுபட்ட ஆக்கள் எண்டு வந்து, இண்டைக்கு வரைக்கும் 40 லட்சத்துக்கு மேற்பட்டவை அந்த வாசலால போயிருக்கினம். முகாம் இப்பவும் மூடேல்ல, சிரியாச் சனமும் வந்து நிண்டது. பழைய ரயில் நிலையத்தை அருங்காட்சியகமா ஆக்கியிருக்கினம். 2019 இல அந்தப் பெட்டைதான் கூட்டிக்கொண்டு போனாள். அவளின்ர அம்மம்மா சின்னப்பிள்ளையா அந்த வழியாலதான் வந்தவவாம்.

அரைவட்டமா வளைச்ச தகரக் கொட்டில் ஒண்டு அங்க நிக்குது. நான் 16 வயசில, சண்டை முடிய எங்கட சனத்தை அடைச்சு வைச்ச செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில இருந்தனான். அந்த வெக்கையும் தகரமும் தண்ணி வரிசையும் உங்கட வீட்டிலயும் ஆருக்கும் தெரிஞ்சிருக்கும். கிட்டத்தட்ட 3 லட்சம் சனம் முட்கம்பிக்குள்ள. தகரத்தில கை வைச்சுப் பாத்தன், குளிர்ந்து போய்க் கிடந்தது. உள்ள காணாமற்போன ஆக்களைத் தேடின பகுதி. செஞ்சிலுவைச் சங்கத்தின்ர அட்டையள், பேர், பிறந்த திகதி, கடைசியாக் கண்ட இடம், படங்கள். படங்களை வைச்சுக்கொண்டு நிக்கிற தாய்மார். கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில 2017 மாசி 20 இல தொடங்கின, காணாமலாக்கப்பட்ட ஆக்களின்ர உறவுகள் நடத்திற போராட்டத்தில என்ர பெரியம்மாவும் இருக்கிறா, மகன்ர படத்தோட. எனக்கு அதுக்கு மேல நிக்கேலாமல் போச்சு. வெளிய வந்து வாங்கில இருந்திட்டன்.

அவள் வந்து பக்கத்தில இருந்தாள். ஒண்டும் கேக்கேல்ல. கன நேரத்துக்குப் பிறகு நானாத்தான் தொடங்கினன். அங்க இருந்த காலம் முழுக்க முழுக்கதையும் சொன்னது அவளுக்கு மட்டும்தான். ஒண்டு மட்டும் நெஞ்சில நிக்குது. அங்க பேர் பேராத் தேடி, கனபேருக்கு ஒரு பதிலாவது சொல்லியிருக்கினம். பெரியம்மாவுக்கு இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் ஒரு பதிலும் சொல்லேல்ல.

அதால தங்கச்சி, கேட்ட எல்லாருக்கும் சொல்லவேணும் எண்டு உங்களுக்கு ஒரு கடமையும் இல்லை. "ஓம், அந்த இடம்தான்" எண்டு சொல்லிப்போட்டு அடுத்த கதைக்குப் போகலாம். சொல்லவேணும்போல இருக்கிற ஆளை நீங்களே கண்டுபிடிப்பீங்கள்.


மல்லாவிக்காரி

அண்ணா எழுதினதை வாசிச்சு அழுதிட்டன். ஆனா தங்கச்சிக்கு மற்றப் பக்கமும் தெரியவேணும். நான் லைப்சிக்கில படிச்சனான். எல்லாருக்கும் அப்பிடி ஒரு தோழி கிடைக்காது.

அறை தேடி 60 மின்னஞ்சலுக்கு மேல எழுதினன், பதில் வந்தது நாலு. ஒரே வீட்டுக்கு என்ர வகுப்பு ஜேர்மன் பெடியன் ஒருத்தன் எழுத, அண்டைக்கே வந்து பாக்கச் சொல்லிச்சினம். ட்ராமில ஒரு கிழவன் முகத்துக்கு நேர ஏதோ கத்தினான். அப்ப எனக்கு விளங்கேல்ல, மொழி படிச்சாப்பிறகுதான் என்ன சொன்னவன் எண்டு விளங்கினது. ஆகவே இடம் கிடைச்ச கடிதம் கையில வந்த அண்டைக்கே மாணவர் விடுதிக்கு விண்ணப்பியுங்கோ. ஒரு நாளும் பிந்தாதேங்கோ. ஜேர்மன் மொழியையும் இப்பவே தொடங்குங்கோ. படிப்பு ஆங்கிலத்தில எண்டாலும் கடையும் கந்தோரும் ஜேர்மனில.

என்ர நினைப்பிலயும் பிழை இருந்தது. எனக்குக் குடுத்த அறைக்குப் பக்கத்தறையில கமரூன் நாட்டுப் பெட்டை. கறுப்பின ஆக்களுக்கு எங்கட வீடுகளில சொல்லுற சொல்லு ஒண்டு இருக்கு, இங்க எழுதமாட்டன். நானும் அதைச் சொல்லித்தான் வளந்தனான். முதல் கிழமை அறையைப் பூட்டிக்கொண்டு இருந்தனான். புள்ளிவிபரவியலில நான் தோத்துப்போய் இருக்கேக்க, மூண்டு கிழமை ராவிரவா இருந்து படிப்பிச்சு என்னை ரெண்டாம் தரம் சித்தியடைய வைச்சது அவள்தான். அந்தச் சொல்லு இப்ப எங்கட வீட்டில இல்லை. அம்மா ஒருக்கா மறந்து சொல்ல, நான் போனை வைச்சிட்டன்.

இன்னொண்டு, பெண்பிள்ளை எண்டபடியால சொல்லுறன். நூலகத்தில இருந்து ராத்திரி 10 மணிக்குத் தனிய நடந்து வந்த முதல் நாள், ஆரும் "ஆற்ற பிள்ளை, எங்க போட்டு வாறாய்?" எண்டு கேக்கேல்ல. அந்தச் சந்தோசத்தை எனக்குச் சொல்லத் தெரியேல்ல. நாலாம் மாசம் காய்ச்சல் வந்து மூண்டு நாள் கிடந்தன். அப்பவும் ஆரும் கேக்கேல்ல. பக்கத்தறைக்காரியும் ஊருக்குப் போயிருந்தாள்.


மாங்குளம் அம்மா

நான் படிக்கப் போன ஆளில்லை, மகனை மெல்பேர்ணுக்கு அனுப்பின ஆள். பிள்ளையளுக்கு ஒரு நினைப்பு இருக்கிற மாதிரி எங்களுக்கும் ஒண்டு இருந்தது. போனவன் போன மாதிரியே வருவான் எண்டு. ரெண்டு வருசத்தால வந்து மூண்டு கிழமை நிண்டான். கதவைத் தட்டிப்போட்டு வாங்கோ அம்மா எண்டான். எங்கட வீட்டில கதவு பூட்டினதே இல்லை. எனக்கு அண்டைக்குச் சோறு இறங்கேல்ல. பிறகு பாத்தா, என்ர கோப்பையையும் சேர்த்துக் கழுவி வைக்கிறான், தகப்பனுக்குத் தேத்தண்ணி போட்டுக் குடுக்கிறான். முந்தி அவன் குசினிப் பக்கமே வராதவன். பிள்ளை, அம்மாவுக்கு இதுகளையும் இப்பவே சொல்லி வையுங்கோ.


பாலைநிழல் (விசுவமடு)

அண்ணா, அக்கா, அம்மா, மூண்டு பேருக்கும் நன்றி. ராத்திரி அம்மாவுக்கு முழுக்க வாசிச்சுக் காட்டினன். வெள்ளக் கதையில அம்மா எழும்பிப் போயிட்டா, நாங்களும் அந்த வெள்ளத்தில பள்ளிக்கூடத்திலதான் கிடந்தனாங்கள்.

கட்டுரைக் கதைதான் எனக்குப் பெரிய பயம். நானும் பாடமாக்கி வந்த ஆள்தான். போக முதல் என்ன செய்யலாம்?

மற்றது காசு. வங்கியில முடக்கிக் காட்டவேண்டிய 11,904 யூரோவுக்கு அம்மா காணி உறுதியையும் நகையையும் வைச்சிட்டா. மாமி மாடி வீட்டுக் கதையை விடுறா இல்லை. அங்க போய் உடன காசு அனுப்பலாமோ? அண்ணாவுக்கு அங்க சொந்தக்காரர் இருந்தவையோ?

கடைசியா, அம்மா கேக்கச் சொன்னது: என்ன கட்டிக்கொண்டு போறது?


குளக்கட்டு (முரசுமோட்டை)

கட்டுரைக்கு: இப்பவே ஒரு ஆய்வுக் கட்டுரையை எடுத்து வாசியுங்கோ. மூடி வைச்சிட்டு, அது என்ன சொல்லுது எண்டு அம்மாவுக்குத் தமிழில சொல்லுங்கோ. பிறகு சொன்னதை உங்கட ஆங்கிலத்தில எழுதுங்கோ. வசனம் நொண்டினாலும் பரவாயில்லை, அது உங்கட வசனம். கிழமைக்கு ஒண்டெண்டாலும் செய்யுங்கோ. நான் அங்க போய்த்தான் இதைப் பழகினன்.

காசு. நான் போகேக்க 8,640 யூரோ. அதுக்குப் பிறகு தொகையும் ஏறி, 2022 இல ரூபாவும் விழுந்து, இப்ப உங்களுக்கு 40 லட்சத்துக்குக் கிட்ட வரும். அது செலவழிஞ்சு போற கட்டணம் இல்லை எண்டதை அம்மாவுக்கு விளங்கப்படுத்துங்கோ. மாதம் 992 எண்டு உங்களுக்கே திரும்பி வரும், அதிலதான் வாடகை, காப்புறுதி, சாப்பாடு. மிஞ்சாது. வேலை செய்ய வருசத்துக்கு 140 முழு நாள், இல்லாட்டி 280 அரை நாள் விடுவினம். முதல் ஆறு மாசம் அதைக் கனக்க நம்பாதேங்கோ. மாமி கேட்டா, ரெண்டு வருசத்துக்கு ஒரு சதமும் வராது எண்டு இப்பவே நேர சொல்லிப்போட்டுப் போங்கோ. சொல்லாமல் போனா, ஒவ்வொரு போனிலயும் அந்த மாடி வீடு வந்து நிக்கும்.

சொந்தக்காரர் இருந்தவை. பெரியப்பா ஒராள், 80 களில போனவர், டோர்ட்முண்ட் பக்கம். எங்கட வீட்டுக் கிணறு அவர் அனுப்பின காசில கட்டினது, அண்ணாவின்ர மோட்டர் சைக்கிளும் அவர்தான். பெரிய மாளிகை எண்டு நினைச்சுத்தான் போனனான். மூண்டாம் மாடியில ரெண்டு அறை. பெரியப்பா சாப்பாட்டுக் கடைக் குசினியில 30 வருசம் நிண்டு முழங்கால் மடக்கேலாது. அவரின்ர மனுசி, அங்க இருக்கிற பெரியம்மா, விடிய நாலு மணிக்கு எழும்பிக் கந்தோர் துப்பரவாக்கப் போறவ. நான் போன அண்டைக்கு லீவு போட்டிட்டுக் கணவாய்க் கறி வைச்சா. தங்களுக்கெண்டு ஒரு வீடும் வாங்கேல்ல. அந்தக் கிணத்தில தண்ணி அள்ளேக்க நாங்கள் ஒரு நாளும் இதை யோசிச்சதில்லை. ஊருக்கு வந்து அப்பாவிட்டச் சொன்னன், அப்பா கன நேரம் கதைக்கேல்ல.

அவைதான் என்னை ஹம் எண்ட ஊரில இருக்கிற காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குக் கூட்டிக்கொண்டு போனவை. எங்கட ஆக்கள் 2002 இல எழுப்பின கோயில், சுத்திவர ஆலையள். அந்த றோட்டால ஆயிரக்கணக்கான சனத்தோட தேர் இழுபடுது, காவடி ஆடுது. தீர்த்தம் பக்கத்துக் கால்வாயில. எங்கட வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலை விட்டிட்டு வந்த கவலையோட போன எனக்கு, நாதஸ்வரம் காதில விழுந்தோண்ண கால் நடுங்கிச்சு. அடுத்த வைகாசி, ஆனி பாத்து நீங்களும் போங்கோ.

கட்டுறதுக்கு: குளிர்ச்சட்டை கொழும்பில வாங்காதேங்கோ, அங்க பாவிச்ச உடுப்புக் கடையில நல்லது மலிவா எடுக்கலாம். இறைச்சி, பால் சாமான் உள்ள விடமாட்டினம். அம்மா வறுத்து இடிச்ச தூள் 2 கிலோ, மூண்டு பையில சுத்தி, நடுவில உடுப்பு வைச்சுக் கட்டுங்கோ. இடியப்ப உரலும் ஒண்டு வையுங்கோ. கொழும்புக்குப் போகேக்க முறிகண்டியில இறங்கி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சிட்டு, கச்சான் நாலு பையா வாங்குங்கோ. வகுப்பில முதல் மாசமே ஆரும் உங்களைச் சாப்பிடக் கூப்பிடுவினம். முதல் தரம் கேக்கேக்கையே ஓம் எண்டு சொல்லிப்போட்டு, அதில ஒரு பையைக் கையில கொண்டு போங்கோ.